பேதி உப்பில் மிதந்த பந்து

இராஜம்மா: அதுல கை வெக்காத.

ஜெயராஜ்: ஏன்க்கா? டின்னுல இருக்கறதுலயே இதுதான் புதுசு.

இராஜம்மா: புதுசு மாதிரி இருக்கு. புதுசு இல்ல.

ஜெயராஜ்: வெள்ளை வெளேர்னு இருக்கே… அடிச்ச தடமே இல்லையே.

இராஜம்மா: தடம் தெரியாம இருக்கத்தானே நான் உக்காந்து சாயம் அடிக்கிறேன். மூணு பூச்சு. கீழ வை.

ஜெயராஜ்: சரி சரி, வெச்சுட்டேன்.

இராஜம்மா: பசியாறிட்டியா?

ஜெயராஜ்: கோப்பி குடிச்சேன்க்கா.

இராஜம்மா: கோப்பி ஒரு பசியாறலா? தட்டுல ரோட்டி இருக்கு, நீயே எடுத்துக்க. என் கையெல்லாம் சாயம்.

ஜெயராஜ்: வேணாங்கா. ஒரு பந்து பாத்துட்டுப் போயிடுறேன். துரைக்கு.

இராஜம்மா: எந்தத் துரைக்கு?

ஜெயராஜ்: என் துரைக்குத்தான். நான் யாரு மட்டைப் பையத் தூக்குறேன்னு உங்களுக்குத் தெரியாதா?

இராஜம்மா: தெரியாம என்ன? ரயில்வே இஞ்சினியர் துரை. தடியா, செவப்பா. அவருக்கு எதுக்கு என் பந்து? கோல்ப் கிளப்புலயே டப்பா டப்பாவா புதுசு விக்குதே.

ஜெயராஜ்: அவருக்கு… புதுசு ராசியில்லையாம்.

இராஜம்மா: ராசியா? வெள்ளைக்காரனுக்கா?

ஜெயராஜ்: அவங்களுக்கும் உண்டுக்கா. பேங்க் துரை பச்சைத் தொப்பி போடாம மட்டையத் தொட மாட்டாரு. ஒரு நாள் தொப்பிய வீட்டுல விட்டுட்டு வந்து, எங்க ஆளு ஒருத்தன ஓட விட்டு எடுத்தாரச் சொன்னாரு.

இராஜம்மா: ஆட்டம் என்னைக்கு?

ஜெயராஜ்: நாளைக்கு. ஞாயித்துக்கிழமை. ஒரே பந்துதான்னு பேச்சு. ஆரம்பிச்ச பந்துலயே முடிக்கணும். தொலைஞ்சாலும் போச்சு, வெட்டுப்பட்டாலும் போச்சு.

இராஜம்மா: துரைமாருங்க ஒரே பந்துலயா ஆடுறாங்க? ஏழு வருஷமா அங்க புல்லு புடுங்குறேன், நான் கேள்விப்படலையே.

ஜெயராஜ்: புதுச் சட்டம்க்கா.

இராஜம்மா: ஓ… புதுச் சட்டம்.

ஜெயராஜ்: அதான் உங்ககிட்ட வந்தேன். பந்தப் பத்தி புல்லு புடுங்குற அம்மாவுக்குத் தெரியறது கிளப்புக் கடைத் துரைக்குத் தெரியாதுன்னு எல்லாரும்…

இராஜம்மா: ரொம்பத் தூக்காத. கீழ விழுந்தா எனக்குத்தான் அடிபடும். உன் துரை ஜெயிச்சா உனக்கு என்ன?

ஜெயராஜ்: ஜெயிச்சா வேலை நிக்கும். தோத்தா கப்பல்.

இராஜம்மா: அவரு தோத்தா நீ ஏன் கப்பல் ஏறணும்?

ஜெயராஜ்: ராசியில்லாதவன்னு… அனுப்பிடுவாருக்கா. பை தூக்குற நாப்பது பேருல பாதிப் பேரு போகணும்னு சொல்லியாச்சு. ரப்பர் விலை விழுந்ததுலேருந்து துரைங்களே ஆட வர்றதில்ல. லேபர் ஆபீஸ் கிராணி கப்பல் லிஸ்டுல என் பேர எழுதிட்டாரு.

இராஜம்மா: இந்தியாவுக்கு, ஊருக்குத்தானே? சும்மாதான் கூட்டிட்டுப் போறாங்களாம்.

ஜெயராஜ்: எந்த ஊருக்குக்கா? நான் பொறந்தது கிள்ளான்ல. அப்பா ஊரு பேரு கூட எனக்குச் சரியாத் தெரியாது. ஆத்தூர்னு சொன்னாரோ, ஆத்தங்கரைன்னு சொன்னாரோ. அங்க எறக்கி விட்டா யாரு வீட்டுக் கதவத் தட்டுவேன்? வீட்டுல ரமணிக்கு வேற வயித்துல ஏழு மாசம்.

இராஜம்மா: ஏழா? பாசார்ல பாத்தப்ப ஆறுன்னாளே.

ஜெயராஜ்: அது போன மாசம்க்கா.

இராஜம்மா: ஆமால்ல. சரி, சொல்லு. உன் துரை அடிச்சா பந்து எங்க போகுது?

ஜெயராஜ்: நேராத்தான் போகும். கடைசியில வலது பக்கம் சாயும்.

இராஜம்மா: எவ்வளவு?

ஜெயராஜ்: மூணாவது குழியில அடிச்சா லாலாங் புல்லுக்குள்ள போற அளவு.

இராஜம்மா: எல்லா மட்டையிலயுமா?

ஜெயராஜ்: இல்ல, பெரிய மட்டையில மட்டும். இரும்பு மட்டையில நூலு புடிச்ச மாதிரி நேராப் போகும்.

இராஜம்மா: உயரவா, தாழவா?

ஜெயராஜ்: உயர. காக்கா கத்தும்.

இராஜம்மா: பலம்?

ஜெயராஜ்: பலத்துக்குக் கொறச்சல் இல்லக்கா. அவசரந்தான்.

இராஜம்மா: ம்… அப்ப இது ஆகாது. இந்தா, இதக் கடிச்சுப் பாரு.

ஜெயராஜ்: பந்தயா?

இராஜம்மா: பின்ன, என்னையா? காஞ்ச சாயம்தான், ஒண்ணும் ஆவாது. முன் பல்லால லேசா.

ஜெயராஜ்: …கொஞ்சம் மெத்துனு இருக்கு.

இராஜம்மா: மெல்லிசுத் தோலு. அடி பட்டா பம்பரம் மாதிரிச் சுத்தும். கை சுத்தமா இருக்கறவனுக்கு அது நல்லது, போட்ட எடத்துல நிக்கும். சாய அடிக்கிறவனுக்கு இன்னும் சாயும். உன் துரை இத அடிச்சா லாலாங்ல விழாது, அதத் தாண்டி மலாய்க்காரங்க கம்பத்துக்குள்ள போயி யாரு வீட்டுக் கோழி மேலயாவது விழும்.

ஜெயராஜ்: அப்ப தடிச்ச தோலு?

இராஜம்மா: தடிச்ச தோலு. அவ்வளவாச் சுத்தாது, சாயறது கொறையும். ஆனா விழுந்த எடத்துல நிக்காது, ஓடும். குழிக்கிட்ட கை அடக்கமா இருக்கணும். இருக்கா?

ஜெயராஜ்: இருக்குக்கா. குழிக்கிட்ட நான்… துரை பரவால்ல. மோசமில்ல.

இராஜம்மா: ம்.

ஜெயராஜ்: அக்கா, ஏழாவது குழியில பாரிட்டு இருக்கே. அந்த வாய்க்கால்ல விழுந்தா பந்து போச்சு. மிதக்கற பந்து ஒண்ணு இருக்குங்கறாங்களே…

இராஜம்மா: இருக்கு. இந்தா, கையில வெச்சுப் பாரு.

ஜெயராஜ்: என்னக்கா, ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு?

இராஜம்மா: கனம் இல்ல, அதான் மிதக்குது. கனம் இல்லாதது காத்தோட போகும். உன் துரை உயர அடிக்கிற ஆளு. மத்தியானத்துல மழைக் காத்து வேற. ஒரு பாரிட்டுக்குப் பயந்து மிச்சம் பதினேழு குழியையும் விட்டுக் குடுப்பியா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தின கதைதான்.

ஜெயராஜ்: அதுவும் சரிதான்.

இராஜம்மா: எப்படி நிக்கிறாரு? பந்துக்குக் கிட்டவா, எட்டவா?

ஜெயராஜ்: கொஞ்சம் எட்டத்தான். புல்லு ஈரமா இருந்தா கட்டை விரல மண்ணுல நல்லா ஊனிக்கிட்டு, அப்படியே இடுப்பத் திருப்பி—

இராஜம்மா: கட்டை விரலயா?

ஜெயராஜ்: ஆமாக்கா, கால் கட்டை விரல. அப்பத்தான் வழுக்காது.

இராஜம்மா: ஏன் தம்பி, துரை சப்பாத்து போட்டுல்ல ஆடுவாரு? அடியில ஆணி வெச்ச சப்பாத்து. அதுக்குள்ள அவரு விரல ஊனுறது உனக்கு எப்படித் தெரியுது? ரோட்டி ஆறிப் போகுது. சாப்பிடு.

ஜெயராஜ்: அக்கா…

இராஜம்மா: உன் துரை புதன்கிழமையே பிரேசர் மலைக்குப் போயாச்சு. துரைசாணியையும் நாயையும் கார்ல ஏத்துறப்ப நான் பக்கத்துலதான் புல்லு புடுங்கிட்டிருந்தேன்.

ஜெயராஜ்: அப்ப நான் வந்தப்பவே தெரியுமா?

இராஜம்மா: வாசல்ல உன் தல தெரிஞ்சப்பவே தெரியும்.

ஜெயராஜ்: தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் கேள்வி கேட்டீங்க?

இராஜம்மா: எவ்வளவு தூரம் புளுகுவேன்னு பாத்தேன். ராசியில்லையாம். பச்சைத் தொப்பியாம். புதுச் சட்டமாம்.

ஜெயராஜ்: பச்சைத் தொப்பி நெசம்க்கா.

இராஜம்மா: அது ஒண்ணாவது நெசமா இருந்துச்சே.

ஜெயராஜ்: நேரா எப்படிக்கா கேக்குறது? நாளைக்கு நான் யாரோட ஆடுறேன்? உங்க வீட்டுக்காரரோட. பக்கிரிசாமி அண்ணனத் தோக்கடிக்க ஒரு நல்ல பந்து குடுங்கன்னு அவரு சம்சாரத்துக்கிட்டயே வந்து கேக்கவா?

இராஜம்மா: கேட்டுட்டியே.

ஜெயராஜ்: வேற எங்க போவேன்? கடைப் பந்து வாங்க என்னால ஆவாது. கடன் வாங்குன மட்டையத்தான் தூக்கிக்கிட்டு அலையுறேன். வருஷத்துல ஒரு நாள்தான் பை தூக்குறவங்கள அந்தப் புல்லுல ஆட விடுறாங்க. மத்த வருஷம்னா ஒரு சின்னக் கப்பு, கை தட்டு, வீட்டுக்குப் போ. இந்தத் தடவ மண்டோர் வேலை. ஜெயிக்கிறவன் எங்க ஆளுங்க எல்லாருக்கும் மேல. மாசச் சம்பளம், கிளப்புக்குப் பின்னால குவாட்டர்ஸ். கடைசியில நின்னது ரெண்டே பேரு, நானும் அண்ணனும்…

இராஜம்மா: எனக்கே சொல்றியா?

ஜெயராஜ்: இல்லக்கா, மனசு கேக்கல. அதான்.

இராஜம்மா: அவரு தோத்தா அவருக்கும் கப்பலா?

ஜெயராஜ்: அண்ணனுக்கு என்ன? பதினாறு வருஷ சர்வீஸ். அவர நிப்பாட்ட மாட்டாங்க, பழையபடி பை தூக்குவாரு. எனக்குத்தான் ஜெயிச்சா மண்டோர், தோத்தா மூட்டை. நடுவுல ஒண்ணும் இல்ல.

இராஜம்மா: அவர ஜெயிக்க முடியும்னு நெனைக்கிறியா?

ஜெயராஜ்: பெரிய அடியில நான் முன்னாலதான். சாயாம இருந்தா. குழிக்கிட்ட வந்தா அண்ணன அடிச்சுக்க ஆளில்ல. அவரு உருட்டுனா பந்து வீட்டுக்குப் போற புள்ளை மாதிரி நேரா குழிக்குள்ள போயி விழுது.

இராஜம்மா: ஏழு வருஷமா அவருக்குப் பந்து பொறுக்கிக் குடுத்தது யாரு?

ஜெயராஜ்: நீங்கதான். நான் போறேன்க்கா. தப்பா நெனச்சுக்காதீங்க.

இராஜம்மா: உக்காரு. பந்து வாங்காம எங்க போற?

ஜெயராஜ்: அக்கா…?

இராஜம்மா: இந்தா. இதுதான் உன் பந்து.

ஜெயராஜ்: இதுவா? மஞ்சக் காமாலை வந்த மாதிரி இருக்கு.

இராஜம்மா: பொண்ணு பாக்கவா வந்திருக்க? சாயம் அடிக்கல, அதான். தடிச்ச தோலு, கட்டம் போட்டது. மழைக்கு முந்தின நாளுதான் தொலைஞ்சது. மூங்கில் புதர்ல, நெழல்ல கெடந்துச்சு, நான்தான் மடியில போட்டுக் கொண்டாந்தேன். வெயில்ல கெடந்த பந்துன்னா செத்துப் போயிருக்கும்.

ஜெயராஜ்: பந்து சாகுமா?

இராஜம்மா: உள்ள என்ன இருக்குன்னு பாத்திருக்கியா? ஒண்ண அறுத்துப் பாத்தேன். பூரா ரப்பர் நூலு. இழுத்து இழுத்துச் சுத்தி வெச்சிருக்கான். அவுத்தா இந்த லைன் கடைசி வீடு வரைக்கும் போச்சு. அந்த இழுவைதான் உசுரு. வெயில்ல கெடந்தா தொய்ஞ்சு போயிரும். தோள் உயரத்துலேருந்து வாசப்படிக் கல்லுல போடு. மொதல்ல இத, அப்புறம் வெயில்ல கெடந்த அந்தப் பந்த.

ஜெயராஜ்: மஞ்சப் பந்து இடுப்புக்கு வருது. இது முட்டியத் தாண்டல.

இராஜம்மா: சத்தம்?

ஜெயராஜ்: மஞ்சது கிண்ணுன்னு. இது பொத்துனு.

இராஜம்மா: பொத்துனு விழறது பொணம். அத அந்தப் பக்கம் போடு.

ஜெயராஜ்: அக்கா… கோவிச்சுக்காதீங்க. நல்ல பந்துதான்னு நான் எப்படி…

இராஜம்மா: எப்படி நம்புறதுன்னு கேக்குற. கோவிக்க என்ன இருக்கு? நான் அவரு பொண்டாட்டி. கேக்காம நம்புனாத்தான் நீ முட்டாள். அந்த வாளிய இப்படி இழு.

ஜெயராஜ்: என்ன தண்ணிக்கா இது? வழவழன்னு இருக்கு.

இராஜம்மா: பேதி உப்பு.

ஜெயராஜ்: பேதி உப்பா! வாளி நெறையவா?

இராஜம்மா: சமையல் உப்புல பந்து முங்கிப் போகுது. பேதி உப்பு, கரையற வரைக்கும் கரைச்சாத்தான் மிதக்கும். மருந்துக்கடை மொதலாளி தவுக்கே என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு. உங்க வீட்டுல எத்தனை பேரு, எல்லாருக்கும் வயித்துல என்னன்னு கேட்டாரு.

ஜெயராஜ்: நீங்க என்ன சொன்னீங்க?

இராஜம்மா: பெரிய குடும்பம், பெரிய கஷ்டம்னேன். சிரிக்காத, தண்ணி சிந்தும். பந்தப் போடு. மேல தெரியுற பக்கத்துல இந்தக் கரியால ஒரு புள்ளி வை.

ஜெயராஜ்: வெச்சேன்.

இராஜம்மா: இப்ப உருட்டி விடு. புள்ளி எங்க?

ஜெயராஜ்: பக்கவாட்டுல நிக்குது.

இராஜம்மா: இன்னொரு தடவ.

ஜெயராஜ்: அடியில போயிருச்சு. அங்கயே இருக்கு.

இராஜம்மா: எப்படித் திருப்புனாலும் விட்ட எடத்துல நிக்குதா? எந்தப் பக்கமும் கனம் கூட இல்லன்னு அர்த்தம். நேரா உருளும். இப்ப அந்த வெள்ளைப் பந்த எடு.

ஜெயராஜ்: அதத் தொடக்கூடாதுன்னீங்களே?

இராஜம்மா: இப்ப தொடலாம். புள்ளிய லேசா வை, அப்புறம் தொடைக்கணும்.

ஜெயராஜ்: வெச்சு உருட்டி விட்டேன்… புள்ளி மேல வந்துருச்சு.

இராஜம்மா: மறுபடி.

ஜெயராஜ்: திரும்ப மேலயே வருது! அடியில அமுக்கி விட்டேன்க்கா, தானா உருண்டு வருது!

இராஜம்மா: வரும். அதுக்கு நேர் கீழ் பக்கம் கனம். இரும்பு மட்டை பட்டு வாயப் பொளந்துக்கிட்டுக் கெடந்துச்சு. உள்ள நூலு அறுந்த எடத்துல பிசினக் காய்ச்சி ஊத்தி அடைச்சேன். மேல தோல ஒட்டி, தேச்சு, மூணு பூச்சு. பெரிய அடியில ஒரு வித்தியாசமும் தெரியாது. குழிக்கிட்ட மெதுவா உருட்டுறப்பத்தான் தெரியும். கடைசி ஒரு முழத்துல மூஞ்சியத் திருப்பிக்கும்.

ஜெயராஜ்: ஐயோ. நல்லவேளை, நான் எடுக்கப் பாத்தேன். இத யாருக்கு விக்கப் போறீங்க?

இராஜம்மா: விக்கறதுக்கு இல்ல. ஒருத்தருக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். கரிய நல்லாத் தொடை. டின்னுல மேலாக வை.

ஜெயராஜ்: அக்கா, ஒண்ணு கேக்கவா? எனக்கு ஏன் நல்ல பந்து குடுக்குறீங்க? அண்ணன் ஜெயிச்சா உங்களுக்குத்தானே குவாட்டர்ஸ். பைப்புத் தண்ணி, சிமிண்டுத் தரை, புல்லு புடுங்க நாலு எட்டு நடந்தாப் போதும்…

இராஜம்மா: நீ செந்தூல்லதானே இருக்க?

ஜெயராஜ்: ஆமாக்கா. வொர்க்ஷாப்புக்கு எதுத்த லைன்ல.

இராஜம்மா: அங்க ஒரு பச்சைக் கதவு வீடு. எப்பவும் தையல் மெசின் சத்தம் கேக்கும். அது யாரு வீடு?

ஜெயராஜ்: …தெரியாதுக்கா.

இராஜம்மா: உன் வீட்டுக்கு ரெண்டாவது வீடு. தெரியாது?

ஜெயராஜ்: அந்த லைன்ல நெறைய பேரு வருவாங்க, போவாங்க…

இராஜம்மா: நீ பொய் சொன்னா கால் கட்டை விரல ஊனுற. குனிஞ்சு பாரு. அவ பேரு தனலெட்சுமி. அவரு அங்க போறது எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?

ஜெயராஜ்: தைப்பூசத்துக்கு முன்னாலேருந்து.

இராஜம்மா: தெனம் காலையில அக்கா அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டுப் போவியே.

ஜெயராஜ்: எப்படிக்கா சொல்றது? ஒரு வாய் திறந்தா ரெண்டு குடும்பம். அண்ணன் எனக்கு வேலை கத்துக் குடுத்தவரு.

இராஜம்மா: நீ மட்டுமா? நாப்பது பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் கடைசியா. எரியுது தம்பி. சாயம் அடிக்கிறேன், சோறு ஆக்குறேன், எல்லாம் செய்றேன், உள்ள எரிஞ்சுக்கிட்டே இருக்கு.

ஜெயராஜ்: மன்னிச்சுக்கங்கக்கா.

இராஜம்மா: அவ அந்த மெசின்ல என்ன தெச்சுக்கிட்டிருக்கா, தெரியுமா?

ஜெயராஜ்: நெசமாவே தெரியாது.

இராஜம்மா: குவாட்டர்ஸ் சன்னலுக்குத் திரை. அளவெடுக்க அவரே கூட்டிட்டுப் போயிருக்காரு. பழைய மண்டோரு சம்சாரம் என்கிட்ட வந்து சொல்றா, உங்க வீட்டுக்காரரு தங்கச்சி நல்ல பொண்ணும்மா, சன்னல அளந்தப்ப அடுப்படியையும் கூட்டி விட்டுட்டுப் போனான்னு. அவருக்குத் தங்கச்சியே கெடையாது. நானும் ஆமா, நல்ல பொண்ணுன்னு சொல்லிட்டு வந்தேன்.

ஜெயராஜ்: …அக்கா, அப்ப அந்த வெள்ளைப் பந்து…

இராஜம்மா: சைக்கிள் மணி. வந்துட்டாரு. மஞ்சப் பந்த மடியில போடு. ரோட்டியக் கையில எடு.

பக்கிரிசாமி: இராஜம்மா, தண்ணி கொண்டா! செந்தூல்லேருந்து மிதிச்சே கால் போச்சு… அட, யாருலா இது? எதிரி என் வீட்டுலயே உக்காந்து என் ரோட்டியத் தின்னுறான்!

ஜெயராஜ்: வாங்கண்ணே.

பக்கிரிசாமி: என் வீட்டுக்கு என்னையே வாங்கன்னுறான் பாரு. என்னடா வேலை இங்க?

இராஜம்மா: அவன் துரைக்குப் பந்து வாங்க வந்தான்.

பக்கிரிசாமி: அந்தத் துரைதான் மலைக்குப் போயிட்டாரே?

இராஜம்மா: மலையிலயும் குழி வெட்டி வெச்சிருக்காங்களாம்.

பக்கிரிசாமி: எங்க போனாலும் குழி தோண்டிடுவானுங்க. சரிடா, நாளைக்கு நீ எதுல ஆடப் போற?

ஜெயராஜ்: ஒரு பழைய மஞ்சப் பந்து இருக்குண்ணே.

பக்கிரிசாமி: மஞ்சப் பந்தா! பாவம்டா நீ. இங்க பாரு, தோத்தா மனச விட்டுடாத. கப்பல்ல காசா வாங்குறான்? சும்மா கூட்டிட்டுப் போறான், சோறு போடுறான். ஜாலியா ஊரப் பாத்துட்டு வா.

ஜெயராஜ்: திரும்பி வர யாருண்ணே டிக்கெட் எடுப்பா?

பக்கிரிசாமி: அது… அது அப்ப பாத்துக்கலாம்லா. ரமணி நல்லாருக்கா?

ஜெயராஜ்: இருக்காண்ணே. ஏழு மாசம்.

பக்கிரிசாமி: கப்பல்லயே பொறந்தா கப்பலு பேரையே வெச்சுடு! சும்மா சொன்னேன்டா, மூஞ்சிய அப்படி வெச்சுக்காத.

இராஜம்மா: என்னங்க, நாளைக்கு ஜெயிச்சா குவாட்டர்ஸுக்கு எப்பப் போறோம்? சட்டி பானையெல்லாம் கட்டி வெக்கவா?

பக்கிரிசாமி: ஏன் இப்ப அவசரம்? சின்ன ரூம்பு அது. உன் சாயம், வாளி, டின்னு எல்லாம் அங்க எங்க வெக்கிறது? நீ இங்கயே இரு, இதுதான் உனக்கு வசதி. நான் வந்து வந்து போறேன்.

இராஜம்மா: சன்னலுக்குத் திரை வேணுமே. கையாலயே தெச்சுத் தரவா?

பக்கிரிசாமி: திரையா… அதெல்லாம் எதுக்கு உனக்குச் சிரமம்? பாத்துக்கலாம்.

இராஜம்மா: சரிங்க.

பக்கிரிசாமி: என் பந்து எங்க? எடுத்து வெச்சியா, மறந்துட்டியா?

இராஜம்மா: மறப்பேனா? டின்னுல மேலயே இருக்கு. வெள்ளைப் பந்து.

பக்கிரிசாமி: அடேயப்பா! இத எங்க புடிச்ச? கோழி அப்பத்தான் போட்ட முட்டை மாதிரி இருக்கு. பாத்தியாடா ஜெயராஜ், பொண்டாட்டின்னா இப்படி அமையணும். உப்புத் தண்ணியில போட்டியா?

இராஜம்மா: வாளி அங்கதான் இருக்கு. நீங்களே போட்டுப் பாருங்க.

பக்கிரிசாமி: அதுல கைய விட்டா நாள் பூரா பிசுபிசுங்குது. ஏழு வருஷத்துல நான் என்னைக்கு அதத் தொட்டேன்? அது உன் வேலை. போட்டியா, இல்லையா?

இராஜம்மா: போட்டாச்சு. ஜெயராஜும் கூட இருந்து பாத்தான். அவனையே கேளுங்க.

ஜெயராஜ்: அக்கா…

பக்கிரிசாமி: என்னடா முழிக்கிற? பாத்தியா?

ஜெயராஜ்: பாத்தேண்ணே.

பக்கிரிசாமி: நாளைக்கு நீ எனக்கு எதிரிதான். இருந்தாலும் நான் வேலை கத்துக் குடுத்தவன், என்கிட்ட பொய் சொல்ல மாட்ட. சொல்லு, நம்பி எடுத்துட்டுப் போலாமா?

ஜெயராஜ்: …போலாண்ணே. இந்த டின்னுலயே அதுதான் நல்ல பந்து.